மாடியில் சோலார், குளியலறையில் வெந்நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்கள் இருக்கின்றன. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும்தான். மீதி அத்தனையும் தெருக் கம்பிக்குப் போய்விடுகிறது. அதைப் பார்க்கிற எவருக்கும் வரும் எண்ணம்தான் எனக்கும் வந்தது: வீணாகப் போகிறதே, வெந்நீராவது போட்டு வைக்கலாமே. ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டும் பார்த்தேன். அதன் பிறகு தெருவில் சோலார் வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் கீசரைப் போட்டால் லாபமா?

மிஞ்சுவது உண்மையிலேயே வீணாகிறதா என்பதைப் பொறுத்தது. வீட்டு இணைப்பில் நெட் மீட்டர் இருந்தால் எதுவும் வீணாகவில்லை. பகலில் ஒரு யூனிட் வெளியே கொடுக்கிறீர்கள், விடியற்காலையில் ஒரு யூனிட் உள்ளே வாங்குகிறீர்கள். இரண்டு மாத பில்லில் ஒன்றுக்கு ஒன்று கழிகிறது. மின்வாரியத்தின் கம்பிதான் உங்கள் பாட்டரி. அதற்குப் பராமரிப்பு கிடையாது, வயதாவதும் கிடையாது. அப்படியிருக்க, பகலிலேயே தண்ணீரைச் சூடாக்கி மறுநாள் காலை வரை காப்பாற்றி வைப்பது, வங்கியில் போட வேண்டிய பணத்தை ஓட்டைப் பானையில் போட்டு வைப்பதுபோலத்தான். பானை சிறிது சிறிதாக ஒழுகிக்கொண்டே இருக்கும்.

மின்வாரியக் கம்பியோடு சேராமல், பாட்டரி நிறைந்ததும் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆஃப்-கிரிட் அமைப்பு, வெளியே மின்சாரம் அனுப்பாதபடி அமைத்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பாட்டரி, மின்வாரியக் கம்பி மூன்றையும் இணைக்கும் பெட்டி), கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை தரும் வணிக இணைப்பு ஆகிய இடங்களில் கதை வேறு. அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

ஓட்டைப் பானை என்கிறீர்களே, கீசரில் சூடு அவ்வளவா குறையும்?

அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது பத்து வருடத்துப் பழைய 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில். ஜனவரி மாதத்து ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டருக்கு முன்னால் போய் நின்றேன். வெளியே போய்க்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆனது. முப்பத்திரண்டு நிமிடம் கழித்துக் குளியலறைக்குள் 'டக்' என்று தெர்மோஸ்டாட் (சூடு போதுமானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும் சத்தம். 25 டிகிரியில் இருந்த தண்ணீர் 60 டிகிரிக்கு வந்திருந்தது. பிடித்த மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல். சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து, முதலில் வரும் குளிர்ந்த தண்ணீரைப் போகவிட்டு, தெர்மாமீட்டரை வைத்தேன். 47 டிகிரி. பதின்மூன்று டிகிரி காற்றோடு போய்விட்டது. யூனிட்டில் சொன்னால் 0.38. அந்தக் குளிர்காலத்தில் ஏறக்குறைய நூறு நாள் இதையே செய்தேன் என்றால், 'சும்மா போகும்' மின்சாரத்தைப் பிடிக்கிறேன் என்று 38 யூனிட்டை நானே சுவருக்குள் விட்டிருக்கிறேன். எங்களுக்கு இருப்பது நெட் மீட்டர். விடியற்காலையில் அரை மணி நேரம் போட்டுக் குளித்திருந்தால் அந்த 38 யூனிட் கணக்கில் வரவாக நின்றிருக்கும். இதற்கென்று டைமர் வாங்கிய காசு தனி.

பிறகு ஐந்து நட்சத்திரக் கீசர் வாங்கி அதே சோதனையைச் செய்தேன். 60 டிகிரி, காலையில் 53 ஆக இருந்தது. நல்ல கீசருக்கும் பழைய கீசருக்கும் உள்ள வித்தியாசம் காயிலில் இல்லை, தொட்டியைச் சுற்றியிருக்கும் வெப்பக் காப்பில்தான் இருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் சொல்வதும் அதைத்தான்.

ஒரு குடும்பத்தின் வெந்நீருக்கு எத்தனை யூனிட் ஆகும்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் எந்தக் கடைக்காரரிடமும் ஏமாற வேண்டியதில்லை. குளியலுக்குக் கை பொறுக்கும் சூடு என்பது 40 டிகிரி அளவு. நான்கு பேர், ஆளுக்கு ஒரு 20 லிட்டர் வாளி: 80 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற 1.4 யூனிட் போதும். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். ஷவரில் பத்து நிமிடம் நிற்பவர்கள் வீட்டில் இது இரண்டு மடங்கைத் தாண்டும். அவர்களுடைய கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

பணமாகப் பார்ப்போம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணப் பட்டியலில் இரண்டு மாதப் பயன்பாட்டில் 400 யூனிட் வரையிலான அடுக்கின் விலை 4 ரூபாய் 80 காசு. 500ஐத் தாண்டினால் அடுத்த நூறு யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. ஆக 84 யூனிட் வெந்நீர், இந்த அடுக்குகளில் நீங்கள் நிற்பதைப் பொறுத்து 400 ரூபாயிலிருந்து 720 ரூபாய் வரை. இரண்டு மாதத்துக்கு இவ்வளவுதான். இதை மிச்சப்படுத்த பல ஆயிரம் ரூபாய்க் கருவி வாங்கச் சொல்பவரிடம், எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று கேளுங்கள்.

அப்படியானால் யூடியூபில் எல்லோரும் 'டைவர்ட்டர்' வாங்கச் சொல்கிறார்களே?

பெரும்பாலும் பிரிட்டன்காரர்களின் வீடியோக்கள் அவை. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் ஊரின் விதிக்கு அது சரி.

டைவர்ட்டர் என்பது ஒரு சிறிய பெட்டி. மீட்டருக்கு வரும் கம்பியைச் சுற்றி ஒரு கிளிப் மாட்டுவார்கள். மின்சாரம் வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே 700 வாட் போனால் அந்த 700 வாட்டை மட்டும் காயிலுக்குத் திருப்பிவிடும். மேகம் வந்து 200 ஆகக் குறைந்தால் காயிலுக்கும் 200தான். மின்சாரத்தை நறுக்கி நறுக்கிக் கொடுப்பதால் இது முடிகிறது. சாதாரண கீசருக்கு அந்த நாசூக்கு தெரியாது. போட்டால் முழு 2 கிலோவாட்டையும் இழுக்கும், வெயில் போதாவிட்டால் பாக்கியை வாரியத்திடமிருந்தோ பாட்டரியிலிருந்தோ எடுத்துக்கொள்ளும்.

பிரிட்டனில் 2010 ஏப்ரலில் தொடங்கி 2019 மார்ச் வரை புதிய வீடுகளைச் சேர்த்துக்கொண்ட ஊக்கத் திட்டத்தில் ஒரு வினோதம் இருந்தது. சிறிய வீடுகளில் ஏற்றுமதியை அளக்க மீட்டர் வைக்காமல், உற்பத்தியில் பாதி வெளியே போனதாக வைத்துக்கொண்டு காசு கொடுத்தார்கள். நீங்கள் உண்மையில் ஒரு யூனிட்கூட வெளியே விடாவிட்டாலும் அந்தப் பாதிக்கான காசு வரும். அப்படியென்றால் மிஞ்சும் மின்சாரத்தை வீட்டிலேயே பிடித்துவைப்பதில் நட்டமே கிடையாது. அதோடு அங்கே பல வீடுகளில் நூறு, இருநூறு லிட்டர் வெந்நீர்த் தொட்டியும் 3 கிலோவாட் காயிலும் ஏற்கெனவே இருக்கின்றன. குழாயில் வரும் தண்ணீரோ பல்லைக் கிட்ட வைக்கும். டைவர்ட்டர் அங்கே பிறந்து வளர்ந்ததில் வியப்பில்லை. நம் ஊரின் நெட் மீட்டருக்கு முன்னால் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. எண்கள் ஒளிரும் பலகை, வைஃபை எல்லாம் வைத்த கீசருக்கு நறுக்கிய மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை போய்விடும். வெறும் காயிலும் திருகு தெர்மோஸ்டாட்டும் உள்ள பழைய பாணிக் கீசர்தான் அதற்குத் தாங்கும்.

எங்கள் வீட்டில் பாட்டரியோடு ஆஃப்-கிரிட். பத்தரை மணிக்கே பாட்டரி நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு?

உங்களுக்காகத்தான் இந்தப் பக்கமே. பாட்டரி நிறைந்த பிறகு பேனலில் விழும் வெயில் யாருக்கும் பயனில்லை. இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துவிடும். திரையில் 400 வாட் என்று காட்டும். அந்த நேரத்தில் மிக்ஸியைப் போட்டால் சட்டென்று 900க்கு ஏறும். அந்த ஏற்றம்தான் நீங்கள் இழந்துகொண்டிருந்தது.

சில ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில், பாட்டரி இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் மூடிக்கொள்ளும் ரிலே முனை ஒன்று இருக்கும். அதை ஒரு கான்டாக்டரோடு (அதிக மின்சாரத்தைத் தாங்கும் மின்சுவிட்ச்) இணைத்து, கான்டாக்டர் வழியாகக் கீசருக்கு மின்சாரம் கொடுங்கள். 95 சதவீதத்தில் போடு, 85 சதவீதத்தில் அணை என்று அமைத்தால் மேகம் மறைத்தாலும் பாட்டரி கரையாது. ரிலே இல்லாத இன்வெர்ட்டர் என்றால் பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை ஒரு டைமர். நுணுக்கம் குறைவு, ஆனால் பத்தில் எட்டு நாள் சரியாக வேலை செய்யும்.

காயிலை மாற்ற முடிந்தால் 2 கிலோவாட்டுக்குப் பதில் 1 கிலோவாட் போடுங்கள். தண்ணீர் சூடாக இரு மடங்கு நேரம் ஆகும். ஆகட்டுமே, பகல் முழுக்க இருக்கிறது. இன்வெர்ட்டர் திணறாது, மேகம் வந்தாலும் பாட்டரியிலிருந்து அதிகம் இழுக்காது. அவசரத்துக்கு வெந்நீர் போடுகிறவருக்குத்தான் பெரிய காயில்.

தொட்டி மட்டும் பெரிதாக இருக்கட்டும். 25 லிட்டரில் 53 டிகிரித் தண்ணீர் இருந்தால், விளாவிக் குளிக்க இரண்டேகால் வாளி கிடைக்கும். நான்கு பேருக்கு 50 லிட்டர் வேண்டும்.

பேனலிலிருந்து நேராகக் காயிலுக்குக் கம்பி கொடுத்துவிட்டால் இன்வெர்ட்டரே வேண்டாம் அல்லவா?

தயவுசெய்து வேண்டாம். முதலில், பொருந்தாது. 230 வோல்ட்டுக்குச் செய்த 2 கிலோவாட் காயிலின் மின்தடை சுமார் 26 ஓம். 40 வோல்ட் கொடுக்கும் ஒரு 540 வாட் பேனலை அதில் மாட்டினால் ஒன்றரை ஆம்பியர்தான் ஓடும்; கிடைப்பது 60 வாட். பேனலின் திறனில் ஒன்பதில் ஒரு பங்கு.

சரி, ஆறு பேனலைத் தொடராகக் கட்டி 240 வோல்ட் ஆக்குகிறேன் என்று கிளம்புவார்கள். காயில் அப்போது நன்றாகவே சூடாகும். ஆபத்து தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிடும். பேனலின் நேர் மின்சாரத்தில் பூஜ்யமே வராது. பொறி நின்று எரியும், முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் கீசரை அணைக்காது; மூடிய தொட்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். பாதுகாப்பு வால்வும் உப்பு அடைத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கீசருக்கு ஸ்மார்ட் பிளக் போதுமா?

2 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கும் டைமரும் அதற்கல்ல. நான் முதலில் வாங்கியது 'கீசருக்கும் ஆகும்' என்று கடையில் சொல்லிக் கொடுத்த ஒரு செருகு டைமர். மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தால் ஒரு முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. 16 ஆம்பியர் தாங்கும் டைமரை மெயின் பெட்டிக்குள் எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். கீசருக்குத் தனி எம்சிபி, தனி வயர், எர்த் கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் வேண்டும். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது.

எங்கள் வீட்டில் பேனல்கள் வந்துவிட்டன, நெட் மீட்டர் இன்னும் வரவில்லை.

இந்த இடைக்காலத்தில் மட்டும் நெட் மீட்டர்காரர்களுக்கும் பகல் வெந்நீர் அர்த்தமுள்ளது. இன்னும் முக்கியமாக ஒன்று: பழைய ஒருவழி மின்னணு மீட்டர்களில் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். நீங்கள் ஊருக்குத் தானம் செய்துவிட்டு அதற்குக் காசும் கட்டுவீர்கள். உங்கள் மீட்டர் அப்படிப்பட்டது என்றால், அது மாறும் வரை இன்வெர்ட்டரை அணைத்து வையுங்கள்.

வருடக் கடைசியில் கணக்கில் யூனிட் மிஞ்சி நிற்கிறது. அதைத் தண்ணீராக்கலாமா?

ஆண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சி நிற்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே அதைச் செலவழிப்பது நியாயம்தான். ஆனால் பகலில்தான் போட வேண்டும் என்று ஒன்றுமில்லை. எந்த நேரத்தில் போட்டாலும் அதே வரவிலிருந்துதான் கழியும். சிலிண்டர் அடுப்பில் அண்டாவில் வெந்நீர் போடுகிறவர்கள் கீசருக்கு மாறட்டும். மிஞ்சிய யூனிட்டுக்கு அதைவிட நல்ல வேலை, சமையலறையில் ஓர் இண்டக்ஷன் அடுப்பு. வெந்நீர் நான்கு மாதத்துக்குத்தான் தேவை, சோறு வருடம் முழுக்க.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பேனல்கள் அள்ளிக் கொடுப்பது மாசியிலிருந்து சித்திரை வரை. அப்போது மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீரே மதியத்தில் கையைச் சுடும்; வெந்நீரை யார் கேட்கிறார்கள்? கேட்பது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வடகிழக்குப் பருவமழை, வானம் மூடிக்கிடக்கும். மிச்சம் இருக்கும்போது தேவை இல்லை, தேவை வரும்போது மிச்சம் இல்லை. தண்ணீர்த் தொட்டியால் ஒரு நாளைக் கடக்கலாம், ஆறு மாதத்தைக் கடக்க முடியாது.

சோலார் வாட்டர் ஹீட்டரே வாங்கிவிடலாமா?

இன்னும் பேனல் வைக்கவில்லை, வேண்டியது வெந்நீர் மட்டும்தான் என்றால் ஆம், யோசிக்காமல். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் வேண்டும். இங்கே 1 கிலோவாட் பேனல் ஒரு நல்ல நாளில் தருவது நான்கு யூனிட்டளவு. அதற்கு ஐந்து சதுர மீட்டர் இடம். அதே தண்ணீரைச் சுட வைக்க, குழாய் வகையோ தட்டு வகையோ, இரண்டு சதுர மீட்டர் சோலார் ஹீட்டர் போதும். வெயிலை மின்சாரமாக்கும்போது ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. வெயிலை வெப்பமாகவே பிடித்தால் பாதிக்கு மேல் கைக்கு வரும்.

அதன் குறைகள் வேறு. போர் தண்ணீரின் உப்பு குழாய்களில் படியும். மாடியிலிருந்து குளியலறைக்கு வரும் நீண்ட குழாயில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் அரை வாளி முதலில் போக வேண்டும். மழை நாளில் அதற்கும் காயில்தான். ஏற்கெனவே பேனல் வைத்து இடமும் தீர்ந்தவர்கள் இரண்டாவதாக இதையும் வாங்க வேண்டாம்.

பேனல் வைக்கப் போகிறவர்களுக்கு: 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். வெந்நீருக்காக என்று தனியாக ஒரு கிலோவாட் கூட்டுவதானால் அந்த 3 கிலோவாட்டுக்குள் கூட்டுங்கள்.

ஹீட் பம்ப்?

காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் விடுகிற இயந்திரம், ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். விடுதி, லாட்ஜ், மருத்துவமனைக்கு அருமையானது. நான்கு வாளி வெந்நீருக்கு யானையைக் கட்டித் தீனி போட வேண்டாம்.

நான் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். வணிக இணைப்பு.

நீங்கள் பகலில் மிஞ்சுவதை வெளியே கொடுத்தால் கிடைப்பது, நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு. அதனால் சொந்தமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் லாபம். இருபது அறைக்கான வெந்நீர்த் தொட்டியைப் பதினொரு மணிக்கு மேல் சூடாக்கி, நன்றாகக் காப்புப் போர்த்தி வையுங்கள். தொட்டி பெரிதாக ஆக, வெப்பம் ஒழுகும் விகிதம் குறையும். என் 25 லிட்டர் கணக்கை உங்கள் ஆயிரம் லிட்டருக்குப் போடாதீர்கள். டைவர்ட்டர், ஹீட் பம்ப் எல்லாம் இங்கே கணக்குக்கு வரும். மின்சாரக் கட்டண ஆவணத்தில் உங்கள் பிரிவுக்கு உள்ள மற்ற கட்டணங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெரிய தொட்டியில் தண்ணீர் 30, 40 டிகிரியில் நாள்கணக்காகக் கிடந்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், நுரையீரலைத் தாக்கும். தொட்டி 60 டிகிரியைத் தொட வேண்டும்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. பகல் முழுக்கச் சூடாக வைத்தால் கீசர் என்ன ஆகும்?

சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். 75 டிகிரியில் வைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரை விளாவுவதைவிட 55, 60இல் வைப்பது காயிலுக்கு நல்லது. படிந்த காயில் அதிக கரண்ட் சாப்பிடும் என்பார்கள், அப்படியில்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கே போகும்? அந்தச் சுண்ணாம்பு ஓட்டுக்குள் வெந்து காயில்தான் சாகும். உள்ளே ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது ஒன்றரை வருடத்தில் பென்சில் போல இளைத்துவிட்டது. சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்?

பாட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் சேர்ந்த ஆன்-கிரிட் அமைப்பு, வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர்மேல் உங்கள் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி.

விதி மாறினால் இந்தப் பதில்களும் மாறுமா?

மாறும். கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் புதிதாகச் சேரும் வீடுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கை எடுத்துவிட்டார்கள். இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பகல்: மின்சாரத் தேவை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது, அந்த நிலையில் கட்டமைப்பால் அதிர்வைத் தாங்க முடியவில்லை. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகல் மின்சாரத்துக்கு ஆளில்லாத நிலை இங்கும் வந்து, நெட் மீட்டர் போய், கொடுக்கும் யூனிட் மலிவானால், நான் பரணில் போட்ட 16 ஆம்பியர் டைமரை எடுத்து மாட்டுவேன். அதனால்தான் அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு அதிகாலை மூன்று மணிக்கு வெந்நீர் வேண்டும். என்ன செய்வது?

கீசரை இரண்டரைக்குப் போடுங்கள். எங்கள் அம்மா அன்று ஒரு நாள் மட்டும் கீசரைத் தொட மாட்டார். கொல்லையில் செப்புப் பாய்லரில் தேங்காய் மட்டையைத் திணித்துப் பற்றவைத்துவிடுவார். புகை வாடை அடிக்கும் அந்தத் தண்ணீருக்கு என்னிடம் யூனிட் கணக்கு கிடையாது.